கியர்பாக்ஸும் என் இடுப்பும்

கார் ஓட்டுகிறவர்களுக்கு கியர் என்பது கைக்கு அடக்கமான ஒரு குமிழ். என்னைப் போன்ற மெக்கானிக்குக்கு அது நெஞ்சின் மேல் இறங்குகிற இரும்பு மூட்டை.

வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிற சக பாவிகளே, நீங்கள் பிளம்பரோ, எலக்ட்ரீசியனோ, ஏ.சி. மாட்டுகிறவரோ, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடை வைத்திருக்கிறவனுக்குத் தன் ஸ்டூல், தன் லைட்டு, தன் டீ. நமக்கு அடுத்தவர் வீட்டு நாய், அடுத்தவர் வீட்டு வெயில், அடுத்தவர் வீட்டு மாமனார். எனக்கும் ஒரு காலத்தில் ஷெட் இருந்தது. வாலாஜாபாத் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்டு, நடுவில் ஆள் நின்று வேலை பார்க்கிற மாதிரி ஒரு பள்ளம் வெட்டி, ராஜாவாக இருந்தேன். இடத்துக்காரர் அங்கே கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். என் பள்ளம் இருந்த இடத்தில் இப்போது பந்தி நடக்கிறது. நான் டூல் பாக்ஸைப் பைக்கில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறேன்.

கிளட்ச் தேய்ந்த வண்டி நகராது, கியர்பாக்ஸை இறக்காமல் கிளட்சை மாற்றவும் முடியாது. இந்த ஊர்ச் சந்துகளிலிருந்து அதைக் கட்டி இழுத்து வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. போதாததற்குத் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். அதனால் "நீயே வந்து வூட்டாண்டயே இறக்கிடுபா" என்பார்கள். இறக்கிடுபா! என்னமோ பரணிலிருந்து பாத்திரம் இறக்குகிற மாதிரி. சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கோணியை விரித்து மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கடைசியில் அந்தச் சனியனை ஆட்டி ஆட்டி எஞ்சினிலிருந்து பிரித்து, ஜாக்கியிலோ நெஞ்சிலோ வாங்க வேண்டும். என் இடுப்பு போனது அப்படித்தான்.

போன வருஷம் ஒரு முறை இடுப்பு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தேன். என் வீட்டுக்காரி கஸ்தூரி அவள் அண்ணன் வீட்டுத் தறியில் கோர்வை போடுகிறவள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் பக்கத்தில் வலது கரைக்கென்று இன்னொருவர் உட்கார்ந்து நூல் ஓட்டுகிற நாடாவைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் இவள். பேச்சு கம்மி, பார்வை அதிகம். நான் கட்டிலிலிருந்து எழுந்த அன்று தீர்ப்பு சொன்னாள். இன்னொரு முறை இடுப்பு பிடித்தால் டூல் பாக்ஸ் பழைய இரும்புக்கு. நான் வாட்ச்மேன் வேலைக்கு. வேலையை அவள் அண்ணன் சொல்லி வைத்திருந்தார். எங்கே தெரியுமா? என் ஷெட் இருந்த அதே மண்டபத்தின் கேட்டில். நான் பழுது பார்த்த கார்களுக்கெல்லாம் நானே எழுந்து நின்று சலாம் போட வேண்டும். அதற்குப் பிறகு நான் வாழ்ந்தது முழுக்க அந்தக் கேட்டைப் பார்த்த பயத்தில்தான்.

சேரில் உட்கார்ந்த கியர்பாக்ஸ்

இந்த வேலைக்குக் கூடமாட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு வாய்த்த ஆட்கள் ஒவ்வொருவராக ஒரகடம் பக்கம் கார் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே கார் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வருமாம். நிமிர்ந்து நின்றபடியே போல்ட் முடுக்கலாமாம். கேன்டீனில் முட்டை வேறு போடுவார்களாம். யாரைக் குறை சொல்ல? வயசு இருந்தால் நானும் ஓடியிருப்பேன். கடைசியில் கிடைத்தவர் சம்பத்து. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களில் ஒருவர். உற்சவம் இல்லாத நாட்களில் கிடைத்த வேலைக்கு வருவார். தோளில் ஒரு காய்ப்பு இருக்கிறது பாருங்கள், அதன் மேல் டம்ளரையே நிறுத்தலாம். நான் முக்கி முனகி ஜாக்கியில் வாங்குகிற கியர்பாக்ஸை அவர் ஒரு கையால் அணைத்துத் தூக்கிவிடுவார். என் இடுப்புக்குக் கடவுள் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு வம்பு. தூக்கிய சுமையை அவர் தரையில் வைக்க மாட்டார். பல்லக்கை வழியில் நிறுத்தினால்கூட கட்டை கொடுத்துத் தாங்குவார்களே தவிர மண்ணில் வைப்பது கிடையாது. அந்தப் பழக்கம் கையிலும் காலிலும் ஊறிவிட்டது. "இது சாமி இல்ல சம்பத்து, கியர்பாக்ஸு" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "தெரியுதுபா, ஆனா குனிய வரமாட்டேங்குதே" என்பார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வீடு. அவர் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, நாங்கள் போல்ட் எதையாவது பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சம்பத்து கியர்பாக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றார். "சார், கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?" மனுஷர் அரண்டு எழுந்துவிட்டார். கியர்பாக்ஸ் சேரில் உட்கார்ந்தது. வேறு சேர் இல்லை. சார் அப்படியே வாசற்படியில் குந்தினார்.

காபி கொண்டுவந்த அவர் வீட்டம்மா சேரையும் பார்த்தார், படியையும் பார்த்தார். காபியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு மட்டும் மரியாதயா சேரு போட்டுட்டீங்க, எங்க வூட்டுக்காரர் தரையில குந்திக்கினு இருக்காரே."

குழிக்கும் லீவு

பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினம் என்று ஒரு நெசவாளர். போனில் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முன்னறையில் இருந்த தறியைப் பின்பக்கம் மாற்றிவிட்டாராம். முன்னறைக்கு ஷட்டர் போட்டு அங்கேதான் காரை நிறுத்துகிறாராம். தறிக்குழியை மட்டும் மூடவில்லையாம். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்கிற அந்தக் குழி அப்படியே இருக்கிறது, அதன் மேல்தான் வண்டி நிற்கிறது. சக பாவிகளே, யோசித்துப் பாருங்கள். ஷெட் போனதிலிருந்து நான் மல்லாக்கப் படுத்தே வேலை பார்க்கிறவன். உட்கார்ந்துகொண்டு, கால் நீட்டி, மனுஷனாக ஒரு கியர்பாக்ஸை இறக்கலாம் என்றால் விடுவேனா? "எப்ப வரட்டும்?" என்றேன். "அமாவாசை அன்னிக்கு வாங்க, அன்னிக்கு நாங்க நெய்யறதில்ல, ஃப்ரீயா இருப்போம்" என்றார்.

போனேன். ஷட்டரைத் தூக்கினார். குழி இருந்தது. அளவாக, சுத்தமாக, எனக்கென்றே வெட்டின மாதிரி இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே வைக்கப் போனேன். முனிரத்தினம் ஓடிவந்து என் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அமாவாசையில் தறிக்குழியில் கால் வைக்கக் கூடாதாம். "தறிதான் இல்லையே, காருதானே நிக்குது?" என்றேன். உள்ளே போய் அவர் வீட்டம்மாவைக் கேட்டு வந்தார். அந்தம்மாவும் கூடாது என்றுவிட்டார். நாளைக்கு வரட்டுமா என்றால், நாளைக்குத் தறியில் உட்கார வேண்டும், கதவு திறக்க ஆள் இல்லை என்கிறார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். குழியின் மேல் நாலு பலகையைப் போட்டார். அந்தப் பலகையில் நான் மல்லாக்கப் படுத்து வேலை பார்த்தேன். என் முதுகுக்கு நேர் கீழே நான் சொகுசாக உட்கார வேண்டிய குழி காலியாகக் கிடந்தது.

சாயங்காலம் எழுந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இடுப்பு நிமிர மறுக்கிறது. என் முகத்தைப் பார்த்து முனிரத்தினத்துக்கு நிஜமாகவே பாவமாகப் போய்விட்டது. ஆறுதலாகச் சொன்னார்: "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே, அமாவாசைன்னா எங்களுக்கு மட்டும் இல்ல, குழிக்கும் லீவுதான்."

முந்திரி

பெண் பார்க்க வருகிற வீட்டில் மட்டும் வேலைக்குப் போகாதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். காலையில் முடித்துவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம்தான் வருவார்கள் என்று நானும் சம்பத்தும் நினைத்தோம். அவர்கள் நல்ல நேரம் பார்த்து முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டபோது கியர்பாக்ஸின் எல்லா போல்ட்டும் கழன்று, அது ஜாக்கியின் மேல் பாதி சாய்ந்து நின்றது. நான் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு அடியில் கிடந்தேன். கையை எடுத்தால் அது உருண்டு என் மேல் விழும்.

"அண்ணே, வெளிய வராதீங்க! அப்படியே இருங்க!" என்று பெண்ணின் அப்பா கத்தினார். அடுத்த நிமிஷம் எனக்கு உலகம் இருண்டுவிட்டது. என்ன என்று பார்த்தால் கார் கவரை எடுத்து வண்டிக்கு மேல் போர்த்தி, தரை வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார். வண்டியோடு சேர்த்து என்னையும். சம்பத்து எங்கே? அவர் நெற்றியில் நாமம், தோளில் துண்டு, பார்த்தால் குடும்பத்துப் பெரியவர் களை. "உள்ள வாங்க சித்தப்பா" என்று அவரை இழுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் கவருக்குள் கிடந்து பெண்ணுக்குச் சமைக்கத் தெரியும் என்பதையும், மாப்பிள்ளைக்குச் சிகரெட் பழக்கம் இல்லை என்பதையும், ரெண்டு வீட்டுக்கும் ஒரே சோசியர் என்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கை மரத்துப் போயிற்று. இடுப்பில் ஒரு நரம்பு சுருக் சுருக்கென்று இழுத்தது. தும்மல் ஒன்று வந்தது, அதை எப்படி அடக்கினேன் என்று எனக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும்.

வேன் கிளம்பிய பிறகு கவர் விலகியது. சம்பத்து குனிந்து பார்த்தார். "உசுரோட இருக்கியா?" என்று கேட்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பையன் தங்கமான பையன்பா, கேசரிலதான் முந்திரி பத்தல."

இன்னொரு டேக்

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கஸ்தூரி மூக்கை உறிஞ்சினாள். வழியிலேயே தைலம் தேய்த்திருந்தேன். "புடிச்சிக்கிச்சா?" என்றாள். "சேச்சே, வலிதான்" என்றேன். நான் கண்டுபிடித்து வைத்திருந்த சட்டம் அது. வலி வேறு, பிடிப்பு வேறு. வலி என்றால் நடக்கலாம், பிடிப்பு என்றால் எழவே முடியாது. அவள் சொன்னது பிடித்தால்தான் வாட்ச்மேன் வேலை, வலித்தால் இல்லை. இந்த வாதத்தை அவள் ஏற்றுக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, மறுத்த மாதிரியும் தெரியவில்லை. ஒரு பெல்ட் வாங்கி வந்தாள், இடுப்பில் கட்டுகிறது. அது மூச்சு முட்டும். ஆணியில் மாட்டி வைத்தேன்.

அப்புறம் வாலாஜாபாத்தில் ஒரு தம்பி. கார் வீடியோ போடுகிற யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். "வீட்டிலேயே கியர்பாக்ஸ் இறக்குவது எப்படி" என்று ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். எடுத்துக்கோ ராசா என்றேன். நான் படுத்தால் "அண்ணே, ஹாய் சொல்லிட்டுப் படுங்க" என்கிறான். ஸ்பேனரை எடுத்தால் "கேமராவுக்குக் காட்டிட்டு எடுங்க" என்கிறான். சம்பத்து வழக்கம்போல ஒரே தூக்காகத் தூக்கினார். அதுவும் அவனுக்குச் சரிப்படவில்லை. "பெரியவரே, வெயிட்டா இருக்குற மாதிரி மூஞ்ச கொஞ்சம் சுளிங்க." சம்பத்துக்குச் சுளிக்க வரவில்லை. நான் சுளித்துக் காட்டினேன், எனக்கு அது சொந்த முகம். எல்லாம் முடிந்து கியர்பாக்ஸ் பத்திரமாக ஸ்டூலில் உட்கார்ந்தபோது தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்துவிட்டதாம். அதை மறுபடி ஏற்றி, இன்னொரு முறை இறக்க முடியுமா என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்பதை அவன் வீடியோவில் வெட்டிவிட்டான்.

வெட்டாமல் விட்டது ஒன்று உண்டு. நான் வண்டியின் கீழிருந்து வெளியே வந்து, கதவைப் பிடித்து, "யம்மா" என்று எழுந்து நிற்பதற்குப் படுகிற பாடு. வீடியோ எப்படியோ சுற்றி எங்கள் தெருவுக்கு வந்து, கஸ்தூரியின் போனுக்கும் வந்துவிட்டது. அவள் அந்த இடத்தை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் சோறு தின்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வண்டி எழுந்து ஓடுது, நீ எழலியேய்யா."

பெருமாள் வீதியில் இருக்கும்போது

வைகாசி வந்தால் சம்பத்தின் தோள் எனக்கில்லை. உற்சவம் முடிகிற வரைக்கும் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் வர மாட்டார். "உன் கியர்பாக்ஸ் எங்க ஓடிடப் போவுது? பெருமாளு வெளிய வர்ற நேரம்பா இது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். நியாயம்தான். அந்த நாட்களில் நான் பிரேக், பேட்டரி என்று நின்றுகொண்டே செய்கிற வேலைகளாகப் பார்த்து ஒப்பேற்றுவேன். கருட சேவைக்கு ஊரே ரோட்டில் நிற்கும்போது யாருக்கு கார் வேண்டும்?

செவிலிமேட்டில் ஒரு டீச்சருக்கு வேண்டியிருந்தது. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். முழங்காலில் ஆபரேஷன், குனிய முடியாது. அவர் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரத்தில் பாதி நாள் டீச்சர்தான் அவரை வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். கிளட்ச் போய்விட்டது. உற்சவக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை, கிடைத்தாலும் மனுஷர் குலுங்கிக் குலுங்கிப் பாதி உயிராகிவிடுகிறார். நான் என் கதையைச் சொன்னேன். கூட இருக்கிற ஆள் சாமி தூக்கப் போயிருக்கிறார், கொஞ்ச நாள் பொறுத்தால் சுலபமாக முடித்துவிடலாம் என்றேன்.

டீச்சர் கோபப்படவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே நிதானத்தில் சொன்னார்: "பெருமாள் கோயிலுக்குத் திரும்புற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் கிட்னி காத்திருக்காதுங்களே, தம்பி."

அந்தப் பக்கம்

தனியாகவே போனேன். கஸ்தூரியிடம் பேட்டரி வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். பெல்ட்டை எடுத்தால் சந்தேகம் வரும் என்று ஆணியிலேயே விட்டுவிட்டேன். முதல் நாள் ஜாக்கியை வைத்து மெல்ல மெல்ல இறக்கிவிட்டேன். மறுநாள் காலையில் புது கிளட்ச் பிளேட்டும் போட்டாயிற்று. இனி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

ஏற்றுவதுதான் சார் தொல்லை. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் பல்லோடு பல் பொருந்தி நுழைய வேண்டும். மயிரிழை தள்ளினாலும் நுழையாது. இடது பக்கம் படுத்து ஒருத்தர் கியர்பாக்ஸைத் தள்ள வேண்டும். வலது பக்கம் சக்கரம் கழற்றின இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து, எஞ்சின் புல்லியில் ஸ்பேனர் மாட்டி, தள்ளுகிற நேரம் பார்த்து இத்தனையூண்டு திருப்ப வேண்டும். நான் தள்ளிவிட்டு, தவழ்ந்து அந்தப் பக்கம் போய்த் திருப்பிவிட்டு, மறுபடி தவழ்ந்து வந்து தள்ளிக்கொண்டிருந்தேன். டீச்சர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் வீட்டுக்காரர் சட்டை மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவருக்கு மெஷின் ஒதுக்கிய நேரம். இன்னும் ஒரு தள்ளு என்று காலை உதைத்தேன். இடுப்பில் மளுக்கென்று ஒன்று. அவ்வளவுதான். கை அசைகிறது, கழுத்து அசைகிறது, நடுவில் இருக்கிறது என்னுடையதே இல்லை. அய்யோ என்று கத்தக்கூட மூச்சு வரவில்லை. எனக்கு அந்த வலியிலும் கண் முன்னால் தெரிந்தது மண்டபத்து கேட்டு. உண்மையைச் சொல்கிறேன், படுத்தபடி அழுதேன்.

அப்போதுதான் டீச்சர் வீட்டு கேட் திறக்கிற சத்தம் வந்தது. கீழே கிடந்தவனுக்கு முதலில் தெரிந்தது செருப்பு, அப்புறம் தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்குகிற ஒரு பெல்ட். யார் வீட்டு வேலை என்று முனிரத்தினத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். டீச்சருக்கு என் நம்பரைக் கொடுத்தவரே அவர்தான், அவள் அண்ணனுக்கும் தெரிந்தவர். இந்த ஊரில் தறிக்காரர்களுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. கஸ்தூரி குனிந்து என்னைப் பார்த்தாள்.

"புடிச்சிக்கிச்சா?"

"வலிதான்."

"எழுந்திரு பாக்கலாம்."

நான் முகத்தை எஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டேன். டீச்சர்தான் நடுங்கிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார், வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி, ரெண்டு ஆள் வேலை, ஒரே ஆள் என்று. கஸ்தூரி உள்ளே எட்டி, சட்டை மாட்டி உட்கார்ந்திருந்த அந்த மனுஷரைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது பக்கம் போய்ச் சக்கரம் இருந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "இந்த ஸ்பேனரத்தான் திருப்பணுமா? எந்தப் பக்கம்?" சொன்னேன். "எப்பத் திருப்பறதுன்னு நான் சொல்றேன்" என்றேன். "நீ ஒண்ணும் சொல்ல வாணாம். தறியில எங்கண்ணன் சொல்லிக்கினா இருக்காரு? நீ தள்ளு, சத்தத்த வெச்சு நான் பாத்துக்கறேன்."

இடுப்பு போனாலும் கை இருந்ததே, தள்ளினேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன திருப்பு. மறுபடி தள்ளினேன், மறுபடி திருப்பு. நான் மூச்சை இழுக்கிறபோது அவள் நிறுத்துகிறாள், தள்ளுகிறபோது திருப்புகிறாள். நடுவில் எஞ்சின், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த யாரிடமும் எனக்கு இப்படி அமைந்ததே இல்லை, சம்பத்திடம்கூட இல்லை. ஒரு தள்ளில் டக்கென்று ஷாஃப்ட் உள்ளே போய், கியர்பாக்ஸ் எஞ்சினோடு போய் ஒட்டிக்கொண்டது. "உக்காந்துடுச்சி" என்றாள் அவள், நான் சொல்வதற்கு முன்னால். மேல் போல்ட்களை நான் விரலால் காட்டக் காட்ட அவளே முடுக்கினாள். மீதி மாட்ட வேண்டியதையெல்லாம் நான் படுத்த இடத்திலிருந்தே சொல்ல, டீச்சர் டார்ச் அடிக்க, கஸ்தூரி மாட்டினாள். கடைசியில் என்னைக் கோணியோடு சேர்த்து ரெண்டு பேரும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கஸ்தூரி சக்கரத்தை மாட்டி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும், டீச்சர் அதை ஸ்டார்ட் பண்ணி, வீட்டுக்காரரை முன்னால் உட்கார வைத்து, முதல் கியர் போட்டுக் கிளம்பிப் போனார்.

அவர்கள் வீட்டு வாசலில் நான் மல்லாக்கக் கிடந்தேன். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து கை கிரீஸைக் கோணியில் துடைத்தாள். அப்புறம் போனை எடுத்து அவள் அண்ணனுக்குப் போட்டாள். தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். டூல் பாக்ஸை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் சொன்னாள்: "அண்ணே, அந்த வாட்ச்மேன் வேல இவருக்கு ஆவாது, வேற யாருக்காவது சொல்லிடு. ஒவ்வொரு காருக்கும் எழுந்து எழுந்து நிக்கணும், இடுப்பு தாங்காது. படுத்துக்கினே பாக்குற வேல ஒண்ணு கைவசம் இருக்குது, அதையே பாக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு நான் இருக்கேன்."

ஆக சக பாவிகளே, இத்தனை கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றின பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, அமாவாசைக்கு அமாவாசை தறி ஓடாத நாளாகப் பார்த்து வேலை ஒப்புக்கொள்கிற என் வீட்டுக்காரிக்கு, பெல்ட் கட்டிய எடுபிடி ஆனதுதான்.